பக்கவாத்தியம் பிரதானமான கதை

ஜாஸ் வாசிக்கப் பழைய ஹாலோ பாடி கிட்டார் தேடும் பென்னலூர் இளைஞர் ஒருவருக்கு நான் சொன்ன வரலாறு இது.

பெரிய ஜாஸ் குழுக்களில் டிரம்பெட், சாக்சபோன் முழக்கத்தில் கிட்டார் அமுங்கிவிடும். 1936இல் கிப்சன் நிறுவனம், வீணைக்குடம் போல உள்ளே வெற்றிடம் உள்ள கிட்டாரில் காந்தச் சுருள் பொருத்தி 'ஈ.எஸ்.-150' என்று விற்றது. ஆம்ப்ளிஃபயருடன் சேர்த்து விலை சுமார் 150 டாலர்.

1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அதில் தனி வாசித்தார். பக்கவாத்தியம் பிரதான வாத்தியமாயிற்று. 1942இல், 25 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. பிரான்சில் புகழ்பெற்ற ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டும் 1946இல் அமெரிக்கா போனபோது மின்கிட்டார்தான் வாசித்தார். நம் நாட்டில் கொல்கத்தாவின் கார்ல்டன் கிட்டோ, 2016இல் மறையும்வரை அந்தப் பரம்பரையைக் காத்தார்.

வாங்குவோர் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். கழுத்து வளைந்திருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தை அதிகம் கூட்டினால் கூடு அதிர்ந்து ஊளையிடும். இதமாக வாசிப்பவருக்கே அது இசையும்.