திறப்பு ஆரிட்டை?

2009 ஜனவரியில் பிட்கொயின் தொடங்கினபோது வொலட் எண்டால் கணினியில கிடக்கிற ஒரு சின்னக் கோப்புத்தான். உள்ளுக்குக் காசு இல்லை. இரகசியத் திறப்புத்தான் இருந்தது. காசின் கணக்கு பிளொக்செயினில் கிடக்கும், அதைச் செலவழிக்கத் திறப்பு வேணும். அந்தக் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியே 2011இல்தான் வந்தது. பிரதியெடுக்காமல் ஹார்ட் டிஸ்க் பழுதானால், காசும் போச்சு.

இந்தத் தலையிடி வேண்டாமெண்டு பலர் திறப்பை எக்ஸ்சேஞ்சுகளிடம் விட்டார்கள். டோக்கியோவிலிருந்த மவுண்ட் கொக்ஸ் 2014 பெப்ரவரியில் வங்குரோத்தானபோது, சுமார் 850,000 பிட்கொயின்களைக் காணவில்லை என்றது. பிறகு 200,000 அளவில் பழைய வொலட் ஒன்றில் அகப்பட்டது. வாடிக்கையாளர்களுக்குப் பிட்கொயினாகத் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதோ 2024 ஜூலையில். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் விழுந்தபோதும், திறப்பைக் கொடுத்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள்.

இதற்கிடையில் வேறு வழிகளும் வந்தன. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வரும் 12 அல்லது 24 சொற்களாகத் திறப்பை எழுதிவைக்கும் முறை 2013இல் வந்தது. திறப்பை இணையத்தில் படாமல் வைத்திருக்கும் ட்ரெசர் கருவி, 2014இல் செக் நாட்டிலிருந்து வந்தது.

ஆகவே வொலட் ஒன்றைத் தெரியமுதல் நாங்கள் கேட்கவேண்டியது, திறப்பு ஆரிட்டை இருக்கப்போகுது எண்டுதான். எங்களிட்டை எண்டால், சொற்களைக் கடதாசியில எழுதி இரண்டு இடத்தில வைப்பம். போனில படமெடுக்க மாட்டம். உதவி செய்யிறம் எண்டு கேட்பவருக்கும் சொல்ல மாட்டம். கைச்செலவுக்கு மட்டும் போன் வொலட். சொற்கள் துலைஞ்சால் மீட்டுத்தர ஒரு வங்கியும் வராது.