‘இயன்ற அளவு’ என்பதற்கு அளவு எது?

வேலையிடப் பாதுகாப்புச் சட்டங்களில் அடிக்கடி வரும் சொற்றொடர் ஒன்று உண்டு. ‘நடைமுறையில் இயன்ற அளவுக்கு’ என்பதே அது. தொழிலாளரின் உயிரையும் உடல்நலத்தையும் முதலாளி இயன்ற அளவுக்குக் காக்க வேண்டும் என்கிறது சட்டம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், “எங்களால் இயன்றது இவ்வளவுதான்” என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டால், பேச்சு அத்தோடு முடிந்ததா? இக்கேள்விக்கு விடை பிறந்த வரலாற்றை இன்று காண்போம்.

பிரிட்டனின் 1911ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டம், தொழிலாளர் நடந்து செல்லும் பாதைகளின் கூரையும் பக்கச் சுவர்களும் உறுதியாக இருக்க வேண்டும் என்றது. சட்ட மீறலைத் தவிர்ப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தால் உரிமையாளர்மீது பொறுப்பில்லை என்றும் அதே சட்டம் இன்னோரிடத்தில் சொல்லியது. வேல்ஸ் பகுதிச் சுரங்கம் ஒன்றில், முட்டுக் கொடுக்காத பாதையின் சுவர் சரிந்து எட்வர்ட்ஸ் என்ற தொழிலாளி மாண்டார். அவருடைய மனைவி, சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்தார். பாதைகள் எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுப்பது கட்டுப்படியாகாது என்று வாரியம் வாதாடியது. கீழ் நீதிமன்றத்தில் அந்த அம்மையார் தோற்றார். ஆனால், 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

நீதிபதி அஸ்குவித் ஒரு தராசைக் காட்டினார். ஒரு தட்டில் ஆபத்தை வையுங்கள். மறு தட்டில், அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமம் ஆகியவற்றை வையுங்கள். ஆபத்து மிக அற்பமாகவும், செலவு அதற்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகவும் இருந்தால் மட்டுமே ‘இயலாது’ எனலாம். அதை மெய்ப்பிக்க வேண்டியவர் முதலாளி. விபத்து நடப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டியவரும் அவரே. ஆபத்து பெருகப் பெருக, செலவு என்ற காரணத்தின் கனம் குறையும் என்றார் உடனிருந்த நீதிபதி டக்கர்.

நமது மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அது இச்சொற்றொடரை வெறுமனே விடவில்லை. ஆபத்து எவ்வளவு கடுமையானது? அதைப் பற்றியும் தடுக்கும் வழி பற்றியும் என்ன தெரிந்திருக்கிறது? தகுந்த வழி கிடைக்கிறதா? செலவு என்ன? இந்த நான்கையும் பார்க்கச் சொல்கிறது. தோட்டங்களுக்கும் இச்சட்டம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. செம்பனைக் குலை வெட்ட, நீண்ட அலுமினியக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டுகிறோம். பெரும்பாலான நிரைகளில் அதனால் மின்சார ஆபத்தில்லை. ஆனால் மின்கம்பி செல்லும் நிரையில் அதே கம்பு எமனாகிவிடும். கம்பு கம்பியைத் தொட்டால் உயிர் போகும் என்பது அனைவரும் அறிந்ததே. அந்த ஓரத்து மரங்களில் வெட்டாமல் விடலாம், மரங்களையே அகற்றலாம். இழப்பு என்ன? சில குலைகள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சட்டம் ஒன்றுதான், இடத்துக்கு இடம் அது கேட்கும் காரியம் வேறு.

இதில் நம் பங்கும் உண்டு. ஆபத்தைக் கண்டவர் மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ சொல்லிவிட்டால், “எங்களுக்குத் தெரியாது” என்ற பேச்சுக்கு இடமில்லை. தேதியிட்டு எழுதிக் கொடுப்பது இன்னும் நன்று. முறையிட்டதற்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்குக் காசு பிடிக்கக்கூடாது. கொடுத்ததை அணிவது தொழிலாளியின் கடமை. 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் இன்னோர் உரிமையையும் தந்தது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம்.

‘இயன்ற அளவு’ என்பது முதலாளி மட்டும் வாசிக்கும் சொல் அன்று. கணவரை இழந்த ஒரு பெண் நீதிமன்றப் படியேறியதால் அதற்கு அளவுகோல் கிடைத்தது. உயிர் போகுமுன்னே அதைக் கையில் எடுப்போம்.