5988 த்ரிலியோன் தொன்

2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா நம் நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கியது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். செய்ன் நதி, விடாத மழை. கரையில் கொன்சியெர்ஜெரி என்ற பழைய சிறை. மரீ அந்துவானெத் ராணி கில்லட்டினுக்குப் போகுமுன் கடைசி இரண்டரை மாதம் அடைபட்டிருந்த இடம். அதன் ஜன்னலில் தன் தலையைக் கையில் ஏந்திய ராணி. சுவரின் உயரத்தில் நின்றபடி நால்வர் கிதாரும் டிரம்ஸுமாக இடி இடித்தார்கள். பாட்டு, 1790-இல் புரட்சியின்போது பிறந்த 'ஸா இரா'.

மறுநாள் காலை, என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர் போன் செய்தார். "இதுவா பிரான்ஸ்? நமக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்த பிரான்ஸ் இதுவா?" என்றார். பிரான்சிலேயே பலர் முகம் சுளித்தார்கள். அவர் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு பிரான்ஸ் என்றால் லா ஃபோந்தேன் கதைகளும், ஜூலை 14 கொடியேற்றமும், பிழையில்லாத 'திக்தே'யும்தான். அதனால் அந்த நால்வரின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். போய் நின்ற இடம், 2001-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பம்.

குழுவின் பெயர் கொஜிரா. தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கரையில், பயோன் நகரத்துக்கு அருகே ஓந்த்ர் என்ற சிற்றூரில் 1996-இல் தொடங்கியது. ஜோ, மரியோ என்ற துப்ளாந்தியே சகோதரர்கள், அவர்களுடன் கிறிஸ்தியான் அந்த்ரெயூ, பின்னால் வந்து சேர்ந்த ழான்-மிஷெல் லபாதி. முதலில் வைத்துக்கொண்ட பெயர் 'காட்ஸில்லா'. அந்தப் பெயருக்கு உரிமை வேறிடத்தில் இருந்ததால் சட்டச் சிக்கல் வந்தது. சளைக்காமல் அதே பூதத்தின் ஜப்பானியப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இளம் பிள்ளைகளுக்கு இந்தச் சமயோசிதம் போதாதா?

அவர்கள் பாடும் வகைக்கு டெத் மெட்டல் என்று பெயர். 1980-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் வளர்ந்தது. தளர்த்திக் கட்டிய தந்திகள், அடித்தொண்டை உறுமல், இரண்டு கால்களாலும் மிதிக்கும் டிரம். 'டெக்னிக்கல்' என்று முன்னால் ஒட்டினால், தாளக்கட்டு நொடிக்கு நொடி மாறும். ஐந்திலும் ஏழிலும் போய், நாம் எதிர்பாராத இடத்தில் வந்து விழும். தனி ஆவர்த்தனத்தைத் தொடையில் தாளம் போட்டுக் கேட்டவர்கள், ஒலியைக் குறைத்துவைத்து மரியோவின் டிரம்ஸை மட்டும் கேட்டுப் பாருங்கள். உறுமலை நானும் பழகவில்லை. அந்தக் கணக்கு பிடிபட்டது.

நான்கு டெமோ வெளியிட்டுப் பார்த்த பிறகு, 2001 மார்ச்சில் தங்கள் சொந்தப் பொறுப்பில் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். இதில் ஆயுளெல்லாம் கோப்பு தள்ளிய எனக்கு உறைத்த ஒரு விஷயம் உண்டு. 1994 பிப்ரவரியில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. 1996 தொடக்கத்திலிருந்து தனியார் வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் குறைந்தது 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாடல்களாக இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். பிரெஞ்சு நம்மூரில் எப்படிச் சுருங்கியது என்று கண்ணால் பார்த்தவன் வேறென்ன சொல்வேன்? ஆனால் அதே 1996-இல் தொடங்கிய இந்தப் பையன்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடினார்கள். சகோதரர்களின் தாயார் அமெரிக்கர். ஆக, அரசு வகுத்த பிரெஞ்சுக் கணக்கில் இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் சேரவே மாட்டார்கள். (பிரெஞ்சிலேயே உறுமியிருந்தாலும் எந்த வானொலி போட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.) அதே அரசு 2024-இல் உலகம் முழுக்கப் பார்க்கும் சுவரில் அவர்களை ஏற்றியது. ஓபரா பாடகி மரினா வியோத்தியோடு சேர்ந்து அன்று பாடிய பாட்டுக்கு 2025-இல் கிராமி விருதும் கிடைத்தது.

ஆல்பத்தின் பெயர் 'தெர்ரா இன்காக்னிதா'. பழைய வரைபடங்களில் யாரும் போகாத பகுதிமேல் எழுதும் லத்தீன் சொல். ஆனால் அவர்கள் அதை வைத்த காரணம் நம் பக்கத்துப் பெயரில் உலவும் ஒரு கதை. மனிதர்கள் ஒரு காலத்தில் தெய்வங்களாக இருந்தார்களாம். ஆட்டம் மிஞ்சவே, தெய்வத்தன்மையைப் பறித்து ஒளித்துவைக்க பிரம்மா இடம் தேடினார். மண்ணில் புதைத்தால் தோண்டுவான், கடலில் போட்டால் மூழ்கி எடுப்பான். மனிதனுக்குள்ளேயே வைத்துவிட்டார், அங்கேதான் தேடமாட்டான் என்று. பிரெஞ்சில் இது 'பழைய இந்துக் கதை' என்ற முத்திரையோடு கைமாறி வருகிறது. என் பாட்டி சொன்ன எந்தக் கதையிலும் இது இல்லை. திருமூலரையும் சித்தர்களையும் படித்தவர்களுக்குக் கருத்து மட்டும் புதிதாக இராது.

என் நண்பருக்குப் பதில் கிடைத்தது பாடல்களின் பட்டியலில். ஆங்கிலத் தலைப்புகளுக்கு நடுவே இரண்டு மட்டும் பிரெஞ்சு. ஒன்று '5988 த்ரிலியோன் தொன்', இன்னொன்று '1990 கத்ரிலியோன் தொன்'. என்ன எடை இது? பென்சில் எடுத்தேன். நம் பள்ளிக் கணக்குப்படி பில்லியோனுக்கு 12 பூஜ்யம், த்ரிலியோனுக்கு 18, கத்ரிலியோனுக்கு 24. அப்படிப் பார்த்தால் முதல் எண், தொன் கணக்கில் பூமியின் எடை. இன்றைய புத்தகங்களில் அது சுமார் 5972 என்று இருக்கும், அவ்வளவே வித்தியாசம். இரண்டாவது சூரியனின் எடை, கச்சிதமாக. ஆங்கிலக் கணக்கில் ட்ரில்லியனுக்கு 12 பூஜ்யம்தான், குவாட்ரில்லியனுக்கு 15. அந்தக் கணக்கில் பூமி பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், சூரியன் நூறு கோடியில் ஒரு பங்காக. பூமியைப்போல் 3,32,000 மடங்கு இருக்கவேண்டிய சூரியன் வெறும் 332 மடங்கில் நின்றுவிடும்.

பாடுவது ஆங்கிலம், பெயர் ஜப்பானியம், தலைப்பு லத்தீன், கதை பிரம்மாவுடையது. எடைபோட உட்கார்ந்தபோது மட்டும் வாத்தியார் சொல்லிக் கொடுத்த மொழியில் எண்ணியிருக்கிறார்கள். நானும் இன்றுவரை பென்ஷன் நோட்டுகளை பிரெஞ்சில்தான் முணுமுணுத்து எண்ணுகிறேன்.