கல்லூரிப் பருவத்தில் கிறிஸ்தவ விசுவாசம் (தமிழகம்)

வீட்டிலும் ஊர்க்கோயிலிலும் பழகிய விசுவாசம் கல்லூரி விடுதியில் கேள்விக்குள்ளாவதும், அங்கேயே வேர்பிடிப்பதும், அதுவரை கிறிஸ்தவரல்லாதோர் அங்கே அதைக் கண்டடைவதும் இத்தலைப்பில் அடங்கும். தமிழகத்தில் இதன் வரலாறு சுமார் 180 ஆண்டுகள் நீளமுடையது.

அதற்கு முன் விசுவாசம் குடும்பத்திலும் பங்கிலும் வளர்ந்தது. புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் பழைய கத்தோலிக்க மையம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று அதே வட்டாரக் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ஊர்ப்பெயர் நூலுக்கு நூல் சற்றே வேறுபடுகிறது. வேதநாயகம் பிள்ளை கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்று, முன்சீப்பாக உயர்ந்து, ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடினார்.

கல்லூரிப் பருவ விசுவாசம் பற்றிய விரிவான பதிவுகள் சென்னையில்தான் தொடங்குகின்றன. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் ஒரு பள்ளி தொடங்கினார். 1841இல் அதன் மாணவர்கள் இராஜகோபாலும் வேங்கடராமையாவும் ஞானஸ்நானம் பெற்றதும் நகரம் கொந்தளித்தது. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட வகுப்பறைகள் வெறிச்சோடின. அது இளைஞர்கள் தாமே எடுத்த முடிவு என்றனர் மிஷனரிகள். அறியாப் பிள்ளைகளை மயக்கிவிட்டார்கள் என்றனர் உறவினர். இரு தரப்பு எழுத்துகளையும் சேர்த்துப் படிப்போர் எளிதில் தீர்ப்பு கூற இயலாது. அந்த இருவரும் பின்னர் குருப்பட்டம் பெற்றனர்.

அந்தப் பள்ளியைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்தவர் வில்லியம் மில்லர். 1862இல் சென்னைக்கு வந்த அவர், மதம் மாற்றுவதைக் கல்லூரியின் நேரடி வேலையாகக் கருதவில்லை. கிறிஸ்துவின் சிந்தனை சமூகத்தில் மெல்லப் பரவினால் போதும் என்றார். இதை விசுவாசக் குறைவு என்று கண்டித்த மிஷனரிகள் உண்டு. தொலைநோக்கு என்று போற்றியோரும் உண்டு. மாணவர்களோ அவரை மறக்கவில்லை. அவரிடம் பயின்ற வி. சக்கரை இந்துக் குடும்பத்தவர். மனத்துக்குள் நெடுநாள் போராடி, 1903இல் ஞானஸ்நானம் பெற்றார். வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கி, 1941இல் சென்னை மேயரானார். தேசியத்தையும் விசுவாசத்தையும் அவர் ஒருபோதும் எதிரெதிரே நிறுத்தவில்லை.

அதே கல்லூரியில் 1890களில் படித்தவர் வெள்ளாளன்விளையின் வி. எஸ். அசரியா. பட்டம் பெறாமலே வெளியேறி, 1895இல் ஒய்.எம்.சி.ஏ. பணியில் சேர்ந்தார். மாணவர் விசுவாசத்தின் ஆற்றலை அவர் கண்டது 1902இல் யாழ்ப்பாணத்தில். அங்கிருந்த தமிழ் மாணவர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, கடலுக்கு இப்புறம் தொண்டிக்கு ஊழியர் ஒருவரை அனுப்பி வந்தார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராத அந்த முயற்சி அவரை உலுக்கியது. அந்த உந்துதலில் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1912இல் அசரியா தோர்ணக்கல்லின் ஆயரானார், இந்திய ஆங்கிலிக்கத் திருச்சபையில் முதல் இந்திய ஆயர் அவரே. யாழ்ப்பாண மாணவர்களின் அந்தச் சில்லறைக் காசுக்குத் திருச்சபை வரலாற்றில் இன்னும் பெரிய இடம் தரலாம்.

கத்தோலிக்கர் பக்கம், 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. குளத்தூர் வட்டாரத்துக்கு அதுவே அருகிலிருந்த பெரிய கத்தோலிக்கக் கல்லூரி. மரியாயின் சபை, ஆண்டுத் தியானம், லூர்து மாதா கோயில் பூசை என அங்கே விசுவாசம் வளர்ந்த முறை வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு பயின்ற பிராமண மாணவர் சிலர் கத்தோலிக்கராயினர். வீட்டார் விலக்கிய அவர்களுக்கு மேரீஸ் தோப்பு என்னும் குடியிருப்பு புகலிடமானது. கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் அமைப்பான ஐக்கஃப் தன் தொடக்கத்தை 1924 என்று குறிக்கிறது.

பெண்களுக்கான கல்லூரி வாழ்வு பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரியிலும், 1915 முதல் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அமைந்தது; மாணவியரின் சொந்த அனுபவக் குறிப்புகள் அச்சில் அரிது.

1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், மறு ஆண்டே உலக மிஷனரி மாநாடு கூடியது. அதையொட்டிச் சக்கரையும் பி. செஞ்சையாவும் நண்பர்களும் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு, மேற்கத்திய திருச்சபை அமைப்பு இந்தியாவுக்குத் தேவைதானா என்று கேட்டது. அவர்கள் இருவருமே அக்கல்லூரியின் பழைய மாணவர்கள்.

விடுதலைக்குப் பின், 1954இல் உருவான யூ.இ.எஸ்.ஐ. என்னும் சுவிசேஷ மாணவர் ஐக்கியம் அரசுக் கல்லூரிகளுக்கும் சென்றது. சென்னை மாநிலக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் ஹெச். ஈனோக் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அதில் ஆலயமணியோ ஆயர் மேற்பார்வையோ கிடையாது. மாணவரே கூடி, வேதம் வாசித்து, ஜெபித்து, ஒருவரையொருவர் தாங்கினர்.

திருச்சி – புதுக்கோட்டைச் சாலையில் கீரனூரை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் எழுந்தபின், குளத்தூர் வட்டத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்ப் படிக்கின்றனர். மாலையில் பேருந்தைப் பிடிக்க வேண்டிய இவர்களுக்கு விடுதிக் கூட்டங்கள் எட்டுவதில்லை. ஞாயிறு வாலிபர் கூட்டமும் கைபேசி ஜெபக்குழுவும் அந்த வேலையைச் செய்கின்றன.