நோய் வராத 29 பேர்

1940 ஏப்ரல் 18. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், ஆஸ்வீகோ கவுண்டியில் லைக்கமிங் என்று ஒரு கிராமம். சர்ச்சின் அடித்தளத்தில் இரவு விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். அன்று இரவே பலருக்கு வாந்தி, பேதி. நல்லவேளை, ஒன்றரை நாளுக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

சுகாதாரத் துறையினர் வந்து 75 பேரிடம் விசாரித்தார்கள். 46 பேருக்கு நோய், 29 பேருக்கு ஒன்றுமில்லை. விஷயமே இந்த 29 பேரையும் உட்கார வைத்து "நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதில்தான் இருக்கிறது.

ஏன் என்று பாருங்கள். நோயாளிகளில் பாதிக்கு மேல் ஹாம் (பன்றி இறைச்சி) சாப்பிட்டவர்கள். அவர்களை மட்டும் கேட்டிருந்தால் ஹாம் மாட்டியிருக்கும். ஆனால் ஹாம் சாப்பிட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கு நோய். சாப்பிடாதவர்களிலும் 59 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை.

இப்போது வெனிலா ஐஸ்கிரீம். சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். சாப்பிடாத 21 பேரில் வெறும் 3 பேருக்கு. ஆள் சிக்கியாச்சு!

மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். பிழை வந்த கோரிக்கைகளையே முறைத்துக்கொண்டிருந்தால் காரணம் தெரியாது; ஒழுங்காக ஓடியவற்றோடு ஒப்பிட வேண்டும்.

சரி, ஐஸ்கிரீம் எப்படிக் கெட்டது? முதல் நாள் காய்ச்சிய பால் கலவை, இரவு முழுக்க அந்த அடித்தளத்திலேயே இருந்திருக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கு அது போதும். அது சுரக்கும் நச்சு, உறைய வைத்தாலும் போகாது. ஐஸ்கிரீம் செய்த குடும்பத்தில் மூக்கு, தொண்டை மாதிரி எடுத்தார்கள். அந்தக் கிருமி இருந்தது.

"அவங்கதான்" என்று ஊர் சொல்லிவிடும். அறிக்கை சொல்லவில்லை. வெனிலாதான் காரணம், கிருமி எப்படி வந்தது என்பது தெளிவில்லை, அந்தக் குடும்பத்தோடு முடிச்சுப் போடுவது ஊகம் என்று நிறுத்திக்கொண்டது. நியாயம்தான். சாக்லேட் கலவையும் அதே வீட்டில் செய்து, அதே அடித்தளத்தில், அதே இரவு இருந்ததுதானே? அது மாட்டவில்லை.

நோய்ப்பரவல் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுக்கிறார்கள். வெனிலாவைக் கண்டுபிடிப்பது அதில் சுலபமான பகுதி.