ராஜாளியும் ஒளிவட்டமும்: முகலாய உருவப்படத்தில் அரசரின் பொழுதுபோக்கு

தில்லிப் பாதுஷா முகம்மது ஷா (ஆட்சி 1719–1748) பல்லக்கில் அமர்ந்து, அந்தி நேரத்தில் தம் தோட்டத்தைப் பார்வையிடும் ஓவியம் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் முன்னிற்பவை தோட்டமும் வேட்டைக்குப் பழக்கிய ராஜாளியும். மன்னருக்கு எதில் மனம் லயித்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஆனால் பாதுஷாவின் பொழுதுபோக்கு அவருடைய உருவப்படத்தின் நடுவிடத்தை ஒரே தலைமுறையில் பிடித்துவிடவில்லை.

அக்பர் தாமும் அமர்ந்து, பிரபுக்கள் அனைவரின் சாயலையும் எழுதச் செய்தார் என்கிறது அபுல் ஃபசலின் 'அயினி அக்பரி'. அங்கே நோக்கம் ஆளை அடையாளம் காண்பது. ஜஹாங்கீர் காலத்தில் ரசனையும் உள்ளே நுழைகிறது. பாரசீக ஷா அனுப்பிய ராஜாளி ஒன்று 1619இல் பூனையால் தாக்கப்பட்டு இறந்தபோது, அதன் அழகை உஸ்தாத் மன்சூரைக் கொண்டு வரையச் செய்ததாக ஜஹாங்கீரே தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அபுல் ஹசன் வரைந்த நூர்ஜஹான் படம் இன்னும் துணிச்சலானது. ராம்பூர் ரஸா நூலகத்தில் உள்ள அப்படத்தில் அரசி துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கிறாள். அது வெறும் அலங்காரப் பாவனையன்று. 1617இல் ஆறே குண்டுகளில் நான்கு புலிகளை அவள் வீழ்த்தியதை ஜஹாங்கீர் பெருமையோடு பதிந்திருக்கிறார்.

ஷாஜஹான் காலத்தில் உருவப்படம் மீண்டும் விறைத்துக்கொள்கிறது. பக்கவாட்டு முகம், ஒளிவட்டம், கையில் ரத்தினம், அவ்வளவுதான்.

இந்த விறைப்பைத் தளர்த்தியவர்கள் முகம்மது ஷாவின் ஓவியர்களான சித்தர்மனும் நிதா மல்லும். பூபால் சிங் ஏறத்தாழ 1737இல் வரைந்த படத்தில் பாதுஷா ஹோலி ஆடுகிறார். சித்தர்மன் அந்தப்புர அந்தரங்கத்தையே தீட்டினார். அங்கும் மன்னரின் தலைக்குப் பின்னே ஒளிவட்டம் உண்டு! என் கணிப்பில் இந்த ஓவியங்களின் திறவுகோல் அதுதான். பொழுதுபோக்கு அரசத்தன்மைக்குக் குறைவென அரண்மனை கருதவில்லை. இசையிலும் இதே போக்கு: அவரது அவையில் சதாரங் என்ற நியாமத் கான் இயற்றிய கயால் பாடல்களில் முகம்மது ஷாவின் பெயர் கோக்கப்பட்டது, இன்றும் அவை பாடப்படுகின்றன.

1739இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடி மயிலாசனத்தைக் கொண்டுபோனார். ஓவியர் பலர் வேறு அரசவைகளை நாடினர். நிதா மல் அவத் சென்றார். பின்னாளில் அதே அவத்தின் லக்னோவில்தான், வாரன் ஹேஸ்டிங்ஸுக்காக ஜோஹன் சோஃபனி, நவாப் ஆசஃப் உத் தௌலாவை ஆங்கிலேயர் நடுவே சேவற்கட்டில் நிறுத்தி வரைந்தார். அதில் நவாபுக்கு ஒளிவட்டம் கிடையாது.

முகம்மது ஷாவின் படங்களைப் பேரரசு சீரழிந்ததற்குச் சாட்சியாகக் காட்டுவது பாடநூல் வழக்கம். ராஜாளிப் பித்தும் புலிவேட்டையும் ஜஹாங்கீருக்குப் பெருமை சேர்க்கும். ஹோலியும் தோட்டமும் முகம்மது ஷாவுக்கு 'ரங்கீலா' (களியாட்டக்காரர்) என்ற ஏளனப் பெயராகும்! இரண்டையும் பிரிப்பது ஓவியமன்று, கர்னால் போர்க்களத்தில் நாதிர் ஷாவிடம் கண்ட தோல்வி. முகலாயப் பிரபு நிஜாமுல் முல்க் தக்காணத்தில் தனியரசு கண்டதற்கும், அதன் நிழலில் ஆற்காட்டு நவாபுகள் எழுந்ததற்கும் காரணங்களை நிதி, நிர்வாக ஆவணங்களில் தேட வேண்டும். சித்தர்மனின் தூரிகையில் தேடுவது முறையாகாது.