ஒரே நாவலா, பல பாகங்களா?

பண்ணைக்காட்டிலிருந்து மலைச்சாலையில் கீழே இறங்கினால் வத்தலக்குண்டு வரும். தமிழ் நாவல் வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. ஒரு நாவலாசிரியர் கதையை ஒரே நூலில் முடிப்பது நல்லதா, பாகம் பாகமாக வளர்ப்பது நல்லதா? இந்த ஊரைச் சேர்ந்த இரண்டு எழுத்தாளர்களைப் பார்த்தாலே பதில் கிடைக்கும்.

முதலாமவர் பி.ஆர். ராஜமையர் (1872-1898). இவருடைய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. தொடராக வந்ததால் அதைப் பல பாக நாவல் என்று நினைத்துவிடக் கூடாது. தொடர்கதை என்பது வெளியிடும் முறை மட்டுமே. மாதக்கணக்கில் வந்தாலும் அது ஒரு குடும்பத்தின் ஒரே கதை. 26 வயதில் மறைந்த ராஜமையர் தமிழில் எழுதிய ஒரே நாவலும் அதுதான். அந்த ஒன்றே அவர் பெயரை இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

இரண்டாமவர் 'எழுத்து' இதழை 1959ல் தொடங்கிய சி.சு. செல்லப்பா (1912-1998). இவர் இரண்டு வழியிலும் எழுதியவர். 'வாடிவாசல்' நூறு பக்கத்துக்குள் அடங்கும். தன் தந்தையின் சாவுக்குக் காரணமான காரிக் காளையை அணைய பிச்சி வருகிறான். ஒரே ஜல்லிக்கட்டு, அத்துடன் கதை முடிகிறது. அதற்கு இரண்டாம் பாகம் எழுதியிருந்தால் முதல் பாகத்தின் வேகமே குறைந்துபோயிருக்கும்.

அதே செல்லப்பா எண்பது வயதைத் தாண்டிய பிறகு 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக வெளியிட்டார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். பல ஊர், பல மனிதர்கள், பல வருடங்கள் கொண்ட போராட்டத்தை நூறு பக்கத்தில் சொல்ல முடியாது. மறைவுக்குப் பின் 2001ல் இந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

ஆனால் பெரிய நாவலுக்கு ஒரு விலை உண்டு. 'வாடிவாசலை' ஒரே மூச்சில் படித்தவர்களில் எத்தனை பேர் 'சுதந்திர தாகத்தின்' மூன்று பாகங்களையும் முடித்திருப்பார்கள்? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் என்றாலும் வாசகர்களை இழக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். வாராவாரம் அடுத்து என்ன என்று காத்திருக்க வைக்கும் கதை அது. அந்த விறுவிறுப்பு எல்லாக் கதைக்கும் பொருந்தாது.

ஆகவே எத்தனை பாகம் என்பதை விற்பனையோ வாசகர் கடிதமோ தீர்மானிக்கக் கூடாது. கதைதான் தீர்மானிக்க வேண்டும். சொல்ல வேண்டியது தீர்ந்த இடத்தில் நிறுத்துவது நல்லது. தீராதபோது, படிப்பவர் குறைந்தாலும் செல்லப்பாவைப் போலத் தொடர்ந்து எழுதுவதே நேர்மை.